மீன் தொட்டிக்கு கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கப் போறீங்களா? சென்னைக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

மீன் கடைங்க நிறைய இருக்குற கொளத்தூர்ல கடை கடையா ஏறி இறங்கிட்டு, பெட்டி மேல போட்டிருக்குற நம்பரைப் பாத்து குழம்பிப் போய், கடைசியில எனக்கு போன் போட்டு "எதைத்தான் வாங்குறது"ன்னு கேட்டவங்க நிறைய பேர். மடிப்பாக்கத்துல பல வருஷமா நாலடி டேங்க் ஒண்ணும் சின்னதா ரெண்டும் வெச்சிருக்கேன், பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதும் இருக்கு, படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதும் இருக்கு. எல்லாத்தையும் சேத்து ஒரே இடத்துல எழுதிட்டேன்.

கேனிஸ்டர்னா என்ன, சாதா ஃபில்டருக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

மூடி போட்ட பக்கெட்னு வெச்சுக்குங்க. தொட்டிக்குக் கீழ கேபினெட்ல உக்காந்திருக்கும், ஒரு ஹோஸ் வழியா தொட்டித் தண்ணி தன் எடையிலயே கீழ இறங்கி உள்ள இருக்குற ஸ்பாஞ்சு, செராமிக் ரிங், பஞ்சு எல்லாத்தையும் தாண்டி வரும், மேல மூடியில இருக்குற மோட்டார் அதை இன்னொரு ஹோஸ் வழியா திரும்பத் தொட்டிக்கே ஏத்தி விடும். தொட்டிக்குள்ள இடத்தை அடைக்காது, சத்தம் கம்மி, மீடியா, அதாவது உள்ள போடுற ஸ்பாஞ்சு, ரிங், பஞ்சு எல்லாம், நிறைய பிடிக்கும்.

இந்த மீடியா விஷயம்தான் முக்கியம். அழுக்கைப் பிடிக்கிறது ஃபில்டரோட பாதி வேலைதான். மீனோட கழிவுலருந்து வர்ற அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும். அமோனியாவும் நைட்ரைட்டும் மீனைக் கொல்லும், நைட்ரேட் கொஞ்சம் இருந்தா மீன் தாங்கிக்கும், தண்ணி மாத்தும்போது அது போயிடும். இந்த பாக்டீரியா குடியிருக்குற வீடுதான் செராமிக் ரிங். அதனால ஃபில்டர் வாங்கும்போது மோட்டாரை மட்டும் பாக்காதீங்க, உள்ள எத்தனை லிட்டர் மீடியா பிடிக்கும்னு கேளுங்க. கடையில யாருமே இதைக் கேக்க மாட்டேங்குறாங்க.

என் டேங்க் 2 அடி, கப்பி ஒரு இருபது இருக்கு. கேனிஸ்டர் வாங்கணுமா?

வேணாம். ஏர் பம்ப்ல ஓடுற ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்ல சைஸ்ல ரெண்டு போடுங்க, மிச்சக் காசுக்குச் செடி வாங்குங்க.

அப்போ யாருக்குத்தான் வேணும்?

3 அடிக்கு மேல டேங்க் வெச்சிருக்கவங்க, செடி டேங்க் பண்றவங்க, ஏஞ்சல், டிஸ்கஸ் மாதிரி சுத்தமான தண்ணி கேக்குற மீன் வெச்சிருக்கவங்க. ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், கோல்ட்ஃபிஷ் எல்லாம் நிறைய சாப்பிட்டு நிறைய அழுக்குப் பண்ணும், அதுக்கும் நல்லது. ஆனா ஒத்த ஃப்ளவர்ஹார்ன் வெச்சிருக்கவருக்கு தொட்டி மேலயே உக்கார்ற டாப் ஃபில்டரே போதும்னு நான் நிறைய தடவை சொல்லியிருக்கேன், பஞ்சை வாரா வாரம் மாத்துறது சுலபம், தண்ணி மேலருந்து விழுறதால ஆக்சிஜனும் கலக்கும். 6 அடி டேங்க் போடுறவங்க கேனிஸ்டரை விட்டுட்டு நேரா சம்ப், அதாவது கீழ தனியா ஒரு தொட்டி வெச்சு அதையே ஃபில்டரா ஓட்டுறது, பத்தி யோசிங்க.

எத்தனை லிட்டர் ஃபில்டர் வாங்கணும்? கணக்கு எப்படிப் போடுறது?

முதல்ல டேங்க் எத்தனை லிட்டர்னு பாருங்க. நம்ம ஊர்ல எல்லாரும் அடிக்கணக்குலதான் சொல்லுவோம், அதனால இப்படிப் போடுங்க: நீளம், அகலம், உயரம் மூணையும் அடியில பெருக்கி, வர்றதை 28.3 ஆல பெருக்குங்க. 3க்கு ஒன்றரைக்கு ஒன்றரை டேங்க்னா 6.75 கன அடி, அதாவது சுமார் 190 லிட்டர். 4க்கு ஒன்றரைக்கு ஒன்றரைன்னா 255 லிட்டர். 4க்கு 2க்கு 2ன்னா 450ஐத் தாண்டும். மண்ணு, கல்லு, மேல விடுற இடம் எல்லாம் கழிச்சா நிஜத்துல பத்து பதினைஞ்சு சதவீதம் கம்மியாத்தான் தண்ணி நிக்கும்.

பொதுவா சொல்ற கணக்கு, மணிக்கு டேங்க் தண்ணியை நாலஞ்சு தடவை சுத்தணும். 190 லிட்டருக்கு மணிக்கு 800லருந்து 1000 லிட்டர். செடி டேங்க்லயும் அழுக்குப் பண்ற பெரிய மீனுக்கும் இன்னும் கூட்டலாம், பீட்டா மாதிரி ஓட்டம் பிடிக்காத மீனுக்குக் குறைக்கணும்.

ஆனா இந்தக் கணக்கை மட்டும் நம்பி வாங்காதீங்க, ஏன்னு சொல்றேன். எஹைம் கிளாசிக் 2217னு ஜெர்மன் ஃபில்டர் ஒண்ணு இருக்கு, அது மணிக்கு 1000 லிட்டர்தான், ஆனா கம்பெனிக்காரங்களே 600 லிட்டர் டேங்க் வரைக்கும் போடலாம்னு சொல்றாங்க. மணிக்கு ரெண்டு தடவை கூட முழுசா சுத்தாது. அப்புறம் எப்படிச் சொல்றாங்க? உள்ள சுமார் 6 லிட்டர் மீடியா பிடிக்கும், போற தண்ணி மொத்தமும் மீடியாவைத் தாண்டித்தான் போகணும், ஓரமா நழுவிப் போக வழி இல்ல. இன்னொரு பக்கம் வேகமா ஓடுற சில ஃபில்டர்ல கொஞ்சம் தண்ணி மீடியா வைக்கிற கூடைக்குப் பக்கவாட்டுல இருக்குற சந்துல ஓடிடும், அந்தத் தண்ணியால பாக்டீரியாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

பெட்டியில மணிக்கு 1400 லிட்டர்னு போட்டிருக்கு, எனக்கு அந்த வேகம் வரவே இல்ல. ஏமாத்திட்டாங்களா?

அந்த நம்பர் உள்ள மீடியா இல்லாம, தண்ணியை மேல ஏத்தாம, வெறும் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாத்தது. மீடியா நிரப்பி, மூணு நாலு அடி உயரம் ஏத்தி, ஹோஸ் ரெண்டு வளைவு வளைஞ்சு வந்தா மூணுல ஒரு பங்கு போயிடும், அழுக்கு ஏற ஏற பாதிக்கு வந்துடும். ஃப்ளூவல் மாதிரி சில கம்பெனி ரெண்டு நம்பரும் தனித்தனியா போடுவாங்க, ஃப்ளூவல் 407க்கு மோட்டார் 1450 லிட்டர், ஆனா மீடியாவோட ஆயிரத்துக்கும் கீழதான்னு அவங்களே சொல்லிடுவாங்க.

நீங்களே அளந்து பாக்கலாம். தொட்டிக்குத் திரும்பி வர்ற ஹோஸை ஒரு லிட்டர் பாட்டில்ல பிடிச்சு எத்தனை செகண்டுல நிறையுதுன்னு பாருங்க, 3600ஐ அந்த செகண்டால வகுத்தா மணிக்கு எத்தனை லிட்டர்னு வந்துடும். 4 செகண்ட்னா 900. இதை வாங்கின முதல் நாளே எழுதி கேபினெட் கதவுல ஒட்டி வையுங்க, எப்போ கழுவணும்னு இந்த நம்பரே சொல்லும்.

எந்த பிராண்ட்?

எஹைம், ஃப்ளூவல், ஓயேஸ் இதெல்லாம் விலை கூட, ஆனா பத்து வருஷம் கழிச்சும் வாஷரும், மோட்டார்ல சுத்தித் தண்ணியைத் தள்ளுற இம்பெல்லரும் தேடினா கிடைக்கும். சன்சன் மாதிரி சீனா ஃபில்டர் விலை ரொம்பக் கம்மி, சென்னையில நிறைய வீட்டுல அதுதான் ஓடுது, எங்க வீட்டுலயும் ஒண்ணு வருஷக்கணக்கா நல்லாவே ஓடுது. அதுல பாக்க வேண்டியது மூடி கிளிப்பும், தண்ணி கசியாம மூடிக்கு அடியில இருக்குற ரப்பர் வளையமான ஓ-ரிங்கும்தான், கிளிப் பிளாஸ்டிக் நாளாக நாளாக முறியும்.

என் அபிப்பிராயம் கேட்டா, ஒரு பெரிய ஃபில்டருக்குப் பதிலா நடுத்தரமா ரெண்டு வாங்குங்க. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும், கழுவும்போதும் ஒண்ணை விட்டு ஒண்ணு கழுவலாம். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா, ஒரு கேனிஸ்டரும் கூடவே ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போட்டே ஆகணும், காரணம் கரண்ட் கட் கேள்வியில வருது.

மாமா அமெரிக்காவுலருந்து வர்றார், அங்க விலை கம்மின்னு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லவா?

சொல்லாதீங்க. அங்க 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்க 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் வெச்சுக் குறைச்சுடலாம், ஆனா ஹெர்ட்ஸை டிரான்ஸ்ஃபார்மரால மாத்த முடியாது. கேனிஸ்டர்ல இருக்குற மோட்டார் அந்த ஹெர்ட்ஸைப் பிடிச்சுத்தான் சுத்தும், அதனால ஆறுல ஒரு பங்கு வேகம் குறையும், சூடும் ஆகும். சிங்கப்பூர், துபாய், ஐரோப்பாலருந்து வந்தா பிரச்சினை இல்ல, அங்கயும் 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் பாத்துக்குங்க.

உள்ள என்ன மீடியா, எந்த வரிசையில?

தண்ணி முதல்ல தொடுற இடத்துல பெரிய ஓட்டை ஸ்பாஞ்சு, அப்புறம் செராமிக் ரிங்கோ லாவா கல்லோ, கடைசியா தண்ணி வெளிய போறதுக்கு முன்னாடி மெல்லிசான பஞ்சு. பெரும்பாலான கேனிஸ்டர்ல தண்ணி அடியிலருந்து மேல ஏறும், அதனால ஸ்பாஞ்சு அடிக் கூடையில வரும், ஆனா எல்லாத்துலயும் அப்படி இல்ல, உங்க ஃபில்டர்ல தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு தடவை பாத்துக்குங்க. பஞ்சை முதல்ல வெச்சவங்க பத்தே நாள்ல "தண்ணி வரலை"ன்னு போன் பண்ணுவாங்க.

பெட்டியோட ஒரு கருப்புப் பை கார்பன் தருவாங்க. தினமும் அது தேவை இல்ல, மருந்து போட்டு முடிச்சப்புறம் மருந்தை எடுக்க வையுங்க, ஒரு மாசத்துல அதோட சக்தி போயிடும். மருந்து போடும்போது கார்பன் உள்ள இருந்தா மருந்து மொத்தத்தையும் அதுவே குடிச்சிடும். அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் செராமிக் ரிங் போடுறதுதான் நான் பண்றது.

யூவி (புற ஊதா) லைட் இருக்குற மாடல் வாங்கவா?

தண்ணி பச்சையா மாறுற பிரச்சினை இருந்தா யூவி நல்லா வேலை செய்யும், நாலஞ்சு நாள்ல தெளியும். கண்ணாடியில ஒட்டியிருக்குற பாசிக்கு ஒண்ணும் பண்ணாது, லைட் வழியா போற தண்ணியில மிதக்குறதுக்கு மட்டும்தான். அந்த லைட்டை நேராப் பாக்காதீங்க, கண்ணுக்குக் கெடுதல். பல்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும், வெளிச்சம் இருக்கும், சக்தி இருக்காது. ஜன்னல் வெயில் படாத டேங்க்னா யூவிக்குக் காசு கொடுக்க வேணாம்.

கரண்ட் போனா என்ன ஆகும்?

இதைத்தான் எல்லாரும் கடைசியா கேக்குறாங்க, முதல்ல கேட்டிருக்கணும்.

கேனிஸ்டர் மூடின டப்பா, உள்ள காத்து கிடையாது. பாக்டீரியா சுவாசிக்கிறது ஓடி வர்ற தண்ணியில கரைஞ்சிருக்குற ஆக்சிஜனை. ஓட்டம் நின்னா உள்ள இருக்குற ஆக்சிஜன் சில மணி நேரத்துல தீந்துடும். அப்புறம் நல்ல பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், அழுக்கு அழுகும், அந்த டப்பாவே ஒரு விஷ டப்பா ஆயிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் தொட்டிக்குள்ளயே இருக்கு, டாப் ஃபில்டர் காத்து படுற இடத்துல இருக்கு, அதுங்க இதை விட நல்லாவே தாங்கும்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. எங்க ஏரியாவுல கரண்ட் போய் ரெண்டு நாளாச்சு. நாலடி டேங்க்ல எட்டு ஏஞ்சல், சின்னதுலருந்து வளத்தது. எவர்சில்வர் சொம்புல தண்ணியை மொண்டு ஒரு அடி மேலருந்து ஊத்திக்கிட்டே இருந்தேன், மணிக்கு ஒரு தடவை, ராத்திரி வீட்டுல அம்மாவும் நானும் மாத்தி மாத்தி. எட்டும் உயிரோட இருந்துச்சு. ரெண்டாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு மேல கரண்ட் வந்துச்சு, ஃபேன் சுத்தின சந்தோஷத்துல தூங்கிட்டோம். கேனிஸ்டர் பிளக்கைப் புடுங்காம விட்டிருந்தேன், அது தானா ஓடி உள்ள அழுகியிருந்த தண்ணியை மொத்தமா தொட்டிக்குள்ள விட்டிடுச்சு. காலையில ஹால் முழுக்க அழுகின முட்டை நாத்தம், தண்ணி டீ கலர்ல கலங்கி நிக்குது, அஞ்சு ஏஞ்சல் பக்கவாட்டுல சாஞ்சு கிடந்துச்சு. ரெண்டு நாள் புயலைத் தாங்கின மீன், கரண்ட் வந்ததும் செத்துச்சு. அதை இன்னைக்கு நினைச்சாலும் மனசு ஆறல.

அதனால கரண்ட் போனதும் முதல் வேலையா கேனிஸ்டர் பிளக்கைப் புடுங்குங்க. ஒரு மணி நேரத்துல வந்துட்டா திரும்பப் போட்டுக்கலாம். ரெண்டு மூணு மணி நேரத்தைத் தாண்டினா வால்வை மூடி, டப்பாவைத் திறந்து, உள்ள இருக்குற தண்ணியைக் கீழ கொட்டிடுங்க, மீடியாவைத் தொட்டித் தண்ணியில அலசி ஈரமா, காத்து படுற மாதிரி ஒரு தட்டுல வையுங்க. ஈரம் காயாம பாத்துக்கிட்டா பாக்டீரியாவுல கணிசமான பங்கு பொழைக்கும். இல்லன்னா மீடியா பையைத் தொட்டிக்குள்ளயே தொங்க விட்டு பேட்டரி ஏர் பம்ப் ஓட்டுங்க. அந்த பேட்டரி ஏர் பம்ப் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடியே, அக்டோபர்லயே, வாங்கி வெச்சிடுங்க.

இன்வெர்ட்டர்ல போட்டா ஓடுமா?

சைன் வேவ் இன்வெர்ட்டர்னா தாராளமா ஓடும், 20, 30 வாட்ஸ் எல்லாம் அதுக்கு ஒரு பாரமே இல்ல. ஸ்கொயர் வேவ்னா மோட்டார் உர்ருனு கத்தும், சூடாகும், ரொம்ப நேரம் விட வேணாம்.

ஈபி பில் எவ்ளோ ஏறும்?

20 வாட்ஸ் ஃபில்டர் நாள் பூரா ஓடினா 0.48 யூனிட், ரெண்டு மாச பில்லுக்கு சுமார் 29 யூனிட். 55 வாட்ஸ்னா 79 யூனிட். ஸ்லாப் ஓரத்துல இருக்குற வீட்டுக்கு இந்த வித்தியாசம் வருஷா வருஷம் தெரியும், அதனால வாங்கும்போது வாட்ஸையும் பாருங்க. காசு மிச்சம் பிடிக்கிறோம்னு ராத்திரி ஆஃப் பண்றவங்க, மேல இருக்குற கேள்வியை இன்னொரு தடவை படிங்க.

சித்திரை வெயிலுக்கு ஃபில்டர்ல என்ன மாத்தணும்?

ஏசி இல்லாத ஹால்ல மே மாசம் தொட்டித் தண்ணி 31, 32 டிகிரிக்குப் போகும். 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில ஏழரைதான். மீனுக்கோ சூட்டுல ஆக்சிஜன் அதிகமா வேணும். கேனிஸ்டர்ல ஒரு குறை, தண்ணியை அமைதியா உள்ளயே விட்டுடும். வெயில் காலத்துல திரும்பி வர்ற பைப்பை மேல தூக்கி, தண்ணி மட்டம் நல்லா அலை அடிக்கிற மாதிரி திருப்பி வையுங்க. நம்ம போர் தண்ணி பல ஏரியாவுல காரத்தன்மை உள்ளது, அந்த மாதிரி தண்ணியிலயும் சூட்டுலயும் அதே அளவு அமோனியா இன்னும் கொடுமையா வேலை செய்யும், அதனால மீனுக்குத் தீனியையும் கொஞ்சம் குறைங்க.

எங்க வைக்கணும்? லீக் ஆகி ஹால் நனைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

தொட்டி மட்டத்துக்குக் கீழதான் வைக்கணும், பக்கத்துல ஸ்டூல் போட்டு அதே உயரத்துல வெச்சா சரியா ஓடாது, காத்து பிடிச்சுக்கும். டப்பாவை பிளாஸ்டிக் டப்புக்குள்ள நிறுத்துங்க. புதுசா மாட்டின அன்னைக்கும், கழுவி மூடின ஒவ்வொரு தடவையும், அடியில காஞ்ச நியூஸ்பேப்பர் விரிச்சு ஒரு ராத்திரி விடுங்க, காலையில பேப்பர்ல வட்டமா ஈரம் இருந்தா ஓ-ரிங் சரியா உக்காரலைன்னு அர்த்தம். பெரும்பாலும் ரப்பர்ல ஒரு மண்ணு துகளோ முடியோ மாட்டியிருக்கும், துடைச்சு சிலிக்கான் கிரீஸ் லேசா தடவினா நின்னுடும். தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் தடவாதீங்க, சில வகை ரப்பர் ஊதிப் போகும்.

ஒயரைப் பத்தி ஒண்ணு. பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி ஒயர் கீழ தொங்கி அப்புறம் மேல ஏறணும், அப்போதான் ஒயர் வழியா வழியிற தண்ணி பிளக்குக்குள்ள போகாம கீழ சொட்டும். வீட்டுல கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போடுங்க. தொட்டிக்குள்ள கை விடும்போது ஸ்விட்ச் ஆஃப்.

எப்போ கழுவுறது, எதுல கழுவுறது?

ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, இல்ல அந்த லிட்டர் பாட்டில் கணக்கு முதல் நாளை விட மூணுல ஒரு பங்கு குறைஞ்சதும். தொட்டித் தண்ணியை ஒரு பக்கெட்ல எடுத்து அதுலதான் அலசணும். குழாய்ல நேரா கழுவாதீங்க, மெட்ரோ தண்ணியில குளோரின் இருக்கும், பாக்டீரியாவைக் கொல்லும். ரிங் பளபளன்னு ஆகணும்னு தேய்க்க வேணாம், அந்தப் பழுப்பு வழவழப்புதான் நம்ம சொத்து. பஞ்சு மட்டும் தூக்கிப் போட்டு புதுசு வையுங்க. அலசின அழுக்குத் தண்ணியை சிங்க்ல ஊத்தாம மாடித் தோட்டத்துக்கு ஊத்துங்க, கறிவேப்பிலை நல்லா தழையும்.

போர் தண்ணிக்காரங்க இம்பெல்லரையும் வெளிய எடுத்துப் பாக்கணும். நடுவுல இருக்குற சின்ன குச்சி, காந்தம் எல்லாத்துலயும் உப்பு வெள்ளையா கட்டி கட்டியா படிஞ்சிருக்கும், கொடகொடன்னு சத்தம் வர்றதுக்கு முக்காவாசி அதுதான் காரணம், மிச்சம் உள்ள மாட்டின காத்து. வினிகர்லயோ எலுமிச்சை சாறுலயோ அரை மணி ஊற வெச்சு பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சா உதிந்துடும், நல்லா அலசிட்டு மாட்டுங்க. அந்த குச்சி பல மாடல்ல செராமிக், கீழ விழுந்தா ரெண்டா உடையும், அதனால பாய் விரிச்சு அது மேல வெச்சுக் கழட்டுங்க.

புது ஃபில்டர் மாட்டியாச்சு, இன்னைக்கே மீன் விடலாமா?

மீடியாவுல பாக்டீரியா குடி வர்றதுக்கு நாலுலருந்து ஆறு வாரம் ஆகும். அவசரம்னா, நல்லா ஓடிக்கிட்டு இருக்குற, நோய் இல்லாத டேங்க் வெச்சிருக்குற நண்பர்கிட்ட அழுக்கு ஸ்பாஞ்சோ நாலு கைப்பிடி ரிங்கோ வாங்கி, அவர் தொட்டித் தண்ணியிலயே போட்டு எடுத்துட்டு வந்து உங்க கேனிஸ்டர்ல போடுங்க, பாதிக் காலம் மிச்சம். ஆன்டி குளோரின் ஊத்தினா மட்டும் டேங்க் ரெடி ஆகாது, அது குளோரினை எடுக்கும், அவ்ளோதான். பழைய ஃபில்டரை மாத்துறவங்க புதுசையும் பழசையும் ஒரு மாசம் சேத்தே ஓட்டுங்க.

செகண்ட் ஹேண்ட் கிடைக்குது, வாங்கலாமா?

ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. கிளிப்ல வெடிப்பு, ஓ-ரிங் தட்டையா போயிருக்கா, இம்பெல்லர் காந்தம் உப்பியிருக்கா, இந்த மூணும் பாருங்க. ஸ்பேர் கிடைக்குற மாடலான்னு கொளத்தூர்ல ரெண்டு கடையில கேட்டுட்டு அப்புறம் காசு கொடுங்க. பழைய மீடியாவை நம்பாதீங்க, யார் வீட்டு நோயோ, தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க.

இறால், குட்டி மீன் எல்லாம் பைப்ல இழுத்துடுது.

உறிஞ்சுற பைப் வாயில பெரிய ஓட்டை ஸ்பாஞ்சு ஒண்ணு சொருகுங்க. வாரத்துக்கு ஒரு தடவை அதை மட்டும் பிழிஞ்சு விட்டா உள்ள இருக்குற மீடியாவும் சீக்கிரம் அடைக்காது.